புளிப்பில்லாத அப்பம்: ஒரு சொல்லும் ஓர் அடுப்பும்



அப்பம் என்னும் சொல் நம் நாட்டில் தமிழரோடு நின்றுவிடவில்லை. மலாய் மொழியில் அது 'அபாம்' ஆயிற்று. பினாங்கில் 'அப்போம்' என வழங்குகிறது. சாவகத் தீவில் 'அப்பெம்' என்ற பெயரில், நோன்பு மாதத்துக்கு முன்னர் முன்னோரை நினைந்து ஆக்கும் பலகாரமாக நிற்கிறது. செராஸ் வட்டாரத்துச் சந்தைகளில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக அடுக்கி வைத்திருக்கும் அபாமை வாங்குவோருள் பலர் அது தென்னகத்துச் சொல் என்பதை அறியார். இவ்வகைகளுள் பெரும்பாலானவை புளித்த மாவில் ஆவன. கள்ளோ, இளநீரோ, பழஞ்சோறோ, மலாய்க்காரர் தாப்பாய்க்கு இடும் 'ராகி'யோ (நம் கேழ்வரகன்று, அவர்கள் மொழியில் அது நொதிக்கட்டி) இரவெல்லாம் மாவில் கிடந்து அதனைப் பொங்கச் செய்தால்தான் மறுநாள் அப்பம் மெத்தென்று வரும்.

அவ்வாறிருக்க, தமிழ் விவிலியத்தைத் திறந்தால் 'புளிப்பில்லாத அப்பம்' என்றொரு தொடர் எதிர்ப்படுகிறது. கத்தோலிக்கரும் பிறரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பில் அது 'புளிப்பற்ற அப்பம்' என்று வரும். இது பாஸ்காத் திருநாளின் உணவு. இந்தத் தொடர் தமிழுக்கு எவ்வழி வந்தது, அது குறிக்கும் உணவு நம் பக்கத்து நிலத்துக்கு எவ்வழி வந்தது என்னும் இரு வினாக்களையே இன்று எடுத்துக்கொள்கிறோம். இரண்டும் ஒரே வழியில் வரவில்லை என்பதும், தனித்தனியே வந்த இரண்டும் நம் பிரிக்பீல்ட்ஸில் ஒன்றுக்கொன்று அண்டை வீடாக அமைந்தன என்பதும் நாம் நிறுவ விரும்பும் செய்தி.

பாஸ்கா யூதரின் விடுதலை விழா. எகிப்தில் அடிமைப்பட்டிருந்த மக்கள் ஒரே இரவில் புறப்பட நேர்ந்தது. பிசைந்த மா புளிக்கும்வரை காத்திருக்க நேரமில்லை. புளியாத மாவையே சுட்டுக்கொண்டு நடந்தார்கள். அந்த விரைவின் நினைவாகவே இன்றும் புளியாத தட்டையப்பமாகிய 'மட்சா'வை உண்கிறார்கள். நீசான் மாதத்து முழுநிலவை ஒட்டி இவ்விழா வரும். அவர்களுடைய நாட்காட்டியும் நிலவைப் பின்பற்றி, 19 ஆண்டுகளில் 7 முறை மிகுமாதம் சேர்த்துப் பருவத்தோடு இசைத்துக்கொள்வது. ஆகவே பங்குனி உத்திரத்துக்கோ சித்திரைப் பருவத்துக்கோ அணித்தாகவே பாஸ்கா அமையக் காண்கிறோம். இசுரேல் நாட்டில் ஏழு நாளும், வெளியில் வாழ்வோர்க்கு எட்டு நாளும் விழா உண்டு.

இவ்விழாவின் சமையல் விதி மேலோட்டமாகப் பார்த்தால் எளிது. நுணுகினால் மிகக் கடுமையானது. கோதுமை, வாற்கோதுமை முதலிய ஐந்து தானியங்களின் மாவில் நீர் பட்டு 18 நிமிடங்களுக்குள் அது அடுப்பேற வேண்டும். அந்த எல்லை தாண்டினால், நொதி எதுவும் இடாவிட்டாலும் அது 'புளித்தது' எனவே கொள்ளப்படும். மாவும் நீரும் காலமும் சேர்ந்தாலே புளிப்பு உண்டாகும் என்னும் அறிவு இவ்விதியின் அடியில் கிடக்கிறது. காற்றில் மிதக்கும் நுண்ணுயிர்களைப் பற்றி ஒன்றும் அறியாத காலத்து மக்கள், ஒருபிடி மாவின் போக்கைக் கண்ணால் கண்டு வகுத்த விதி இது. விழாவுக்கு முன்னர் வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் துடைத்து, பழைய ரொட்டித்துகள் ஒன்றும் இல்லாமல் நீக்க வேண்டும். விழா இரவின் தட்டில் மட்சாவோடு கசப்புக் கீரையும், அடிமைகள் பிசைந்த செங்கற்சேற்றை நினைவூட்டும் இனிப்புக் குழம்பும் இடம்பெறும். கசப்பு அடிமை வாழ்வு. குழம்பு அவர்களின் உழைப்பு. உண்ணும்போதே வரலாறு சொல்லப்படும். வீட்டின் இளைய பிள்ளை கேள்வி கேட்க, பெரியவர் விடை சொல்ல வேண்டும் என்பதும் முறை. ஆசிரியர்களாகிய நமக்கு இம்முறை தனியே இன்பம் தருவது.

இனிச் சொல்லுக்கு வருவோம். புளித்த உணவைக் குறிக்கும் எபிரேயச் சொல்லின் வேர்ப்பொருள் 'புளிப்பு' என்பதே. புளிக்காடியைக் குறிக்கும் சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்தது. இலத்தீன் வழிவந்த ஐரோப்பிய மொழிகள் சில இதனை 'எழச்செய்வது, உயர்த்துவது' என்னும் பொருளுடைய சொல்லால் பெயர்த்தன. அவர்கள் மாவின் வடிவத்தைப் பார்த்தார்கள். எபிரேயர் மாவின் சுவையை அறிந்து பெயரிட்டார்கள். செருமானிய மொழியோ 'புளியாதது' என்றே பெயர்த்துக்கொண்டது. மலாய் விவிலியம் 'ரோத்தி தீடாக் பெராகி', அதாவது நொதி இடாத ரொட்டி, என்கிறது. தமிழோ 'புளிப்பில்லாத' என்று சொல்லி மூலத்தின் வேருக்கே போய்விட்டது. புளித்த மா, புளித்த மோர், புளித்த கஞ்சியாகிய காடி என்று நாள்தோறும் புழங்கிய மக்களின் மொழியில் இச்சொல் இயல்பாக அமைந்தது. இவ்விடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பு ஐரோப்பிய மொழிபெயர்ப்புகள் பலவற்றினும் மேம்பட்டது என்று தயங்காமல் கூறுவோம்.

'அப்பம்' என்ற தெரிவு அவ்வளவு எளிதன்று. கோதுமை விளையாத கடற்கரை நாட்டில் ரொட்டி அன்றாட உணவாக இருந்ததில்லை. போர்த்துக்கீசியர் சுட்ட ரொட்டிக்கு இலங்கைத் தமிழர் 'பாண்' என்று அவர்கள் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். ஆனால், திருமறையில் வரும் உணவுக்கு அந்நியப் பெயர் இட்டால் அது அந்நியர் உணவாகவே நின்றுவிடும். அப்பமோ பழந்தமிழ் உணவு. பெரும்பாணாற்றுப்படையில் கூவியர் என்னும் அப்ப வணிகர் பாகோடு சேர்த்து ஆக்கிய வட்டமான பண்டம் பாலில் கிடப்பதுபோல் தோன்றியதாகச் செய்தி உண்டு. கோயிலிலும் அதற்கு இடம் உண்டு. கல்லணைக்கு அருகிலுள்ள கோயிலடியில் பெருமாளுக்கே அப்பக்குடத்தான் என்று பெயர். பிள்ளையார்க்கு அப்பமும் மோதகமும் படைக்காத ஊர் இல்லை. தெய்வத்தின் முன் வைக்கத் தகுந்த, எல்லார்க்கும் தெரிந்த, தானியத்தால் ஆன உணவு எது என்று தேடியவர்க்கு அப்பமே அகப்பட்டிருக்கும் என்பது நம் கருத்து. கோயிலில் படைக்கும் வெல்ல அப்பம் புளிக்காதது. கள்விட்டுச் சுடும் அப்பம் புளித்தது. தமிழகத்தார் பின்னதை 'ஆப்பம்' என்று நீட்டி வேறுபடுத்திக்கொண்டனர். இலங்கையில் இரண்டும் அப்பமே. ஆகவே 'புளிப்பில்லாத' என்னும் அடை இத்தமிழ்ப் பெயருக்கு உண்மையாகவே தேவைப்பட்டது.

இச்சொற்களை நிலைநிறுத்திய மரபு தரங்கம்பாடியில் தொடங்கியது. 1706-இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். அவருக்குப் பின் சூல்ட்சேயும், சென்னை வேப்பேரியில் நெடுங்காலம் உழைத்த பப்ரிசியுசும் அதனைத் தொடர்ந்தனர். 1871-இல் பவர் தலைமையிலான குழு வெளியிட்ட திருத்தப் பதிப்பே இன்றும் சீர்திருத்தச் சபைகளின் வழிபாட்டில் ஒலிக்கிறது. அந்நூல்களோடு 'பஸ்கா' என்னும் சொல்லும் ஊர்தோறும் சென்றது. கத்தோலிக்கர் 'பாஸ்கா' என்றனர். இலங்கையிலும் தமிழகத்துக் கத்தோலிக்கச் சிற்றூர்களிலும் பாஸ்கு என்றால் உணவே அன்று. இயேசுவின் பாடுகளை இரவு முழுதும் நடித்துக்காட்டும் நாடகம். பாஸ்காத் திரி, பாஸ்காத் திருவிழிப்பு என்று கோவில் வழக்கில் பல தொடர்கள் கிளைத்தன. ஒன்று மட்டும் நடக்கவில்லை. இச்சொல் தமிழ்க் கிறித்தவர் அடுக்களைக்குள் நுழையவில்லை. பெரிய வியாழனன்று அப்பம் பற்றிய பகுதியை வாசித்தார்கள். வீடு திரும்பி வழக்கம்போல் உண்டார்கள். வாசிப்பு நிறைவாக இருந்தது. அடுப்பில் அதற்கென ஒன்றும் ஏறவில்லை.

அடுப்பில் ஏறியது மலைக்கு அப்பால்.

சேரநாட்டுக் கடற்கரைக்குச் செல்வோம். கொல்லத்தில் கி.பி. 849-இல் வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள் தரிசாப்பள்ளி என்னும் கிறித்தவக் கோவிலுக்கு வழங்கிய செப்பேடு, தமிழிலக்கிய மாணவரும் வரலாற்று மாணவரும் ஒருங்கே பயில வேண்டிய ஆவணம். வட்டெழுத்தில் அமைந்த அச்சாசனத்தின் இறுதியில் சான்றாளர்கள் அரபு எழுத்திலும் பகலவி எழுத்திலும் எபிரேய எழுத்திலும் கையொப்பம் இட்டுள்ளனர். ஒரு கிறித்தவக் கோவிலின் உரிமைக்கு முசுலிமும் பாரசீகரும் யூதரும் சான்று நின்றிருக்கிறார்கள். ஏறத்தாழ 150 ஆண்டுகள் கழித்து, கி.பி. 1000-ஐ ஒட்டிய காலத்தில், பாஸ்கர ரவிவர்மன் என்னும் சேர மன்னன் ஈசுப்பு இறப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு அஞ்சுவண்ணமும் 72 உரிமைகளும் அளித்தான். அச்செப்பேடும் வட்டெழுத்தே. தமிழும் மலையாளமும் பிரியாத நிலையின் மொழி அது. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுந்த பரதேசி யூத ஆலயத்தில் அது போற்றப்பட்டு வந்தது. யூதர் தம் உரிமைக்குச் சான்றாகத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த ஆவணம் நம் எழுத்துமரபில் இருந்தது என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ளலாம். எபிரேய விவிலியத்தில் மயிலைக் குறிக்க வரும் சொல்லைத் தமிழ்த் 'தோகை'யோடு கால்டுவெல் இணைத்துக்காட்டியதும் இக்கடல் உறவின் வேறொரு முனை.

இக்கடற்கரையில் வாழ்ந்த தோமா கிறித்தவரின் வழிபாட்டு மொழி சிரியாக்கு. யூதரின் 'பெசஹ்' அம்மொழியின் வழியாக இவர்களிடம் 'பெசஹா' ஆயிற்று. தமிழரின் 'பாஸ்கா' கிரேக்கமும் இலத்தீனும் சுற்றி ஐரோப்பியர் கப்பலில் வந்தது. 'பெசஹா' அதற்குப் பல நூற்றாண்டு முன்னரே மேற்காசியாவிலிருந்து மிளகு வணிகர் வந்த நேர்வழியில் வந்தது. ஒரே சொல் இரண்டு பாதைகளில் வந்த கதை இது. பின்னதன் அடிச்சுவடு இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள்ளும் உண்டு. குமரி மாவட்டத்துத் திருவிதாங்கோட்டில் தோமா மரபைச் சொல்லும் பழங்கோவில் நிற்கிறது.

பெரிய வியாழன் மாலை இவர்கள் வீட்டில் ஆக்கும் பெசஹா அப்பத்தின் முறையை விரிவாகவே சொல்வோம்; ஏனெனில் பொருளின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பச்சரிசியை இடித்துச் சலித்து இளவறுப்பாக வறுத்துக்கொள்வர். உளுந்தைச் சிறிது நேரமே ஊறவைப்பர். அரிசி மாவு நான்கு பங்குக்கு உளுந்து ஒரு பங்கு என்பது பரவலான அளவு; வீட்டுக்கு வீடு இது மாறும். துருவிய தேங்காய், சீரகம், சிறிய வெங்காயம், ஒன்றிரண்டு பூண்டுப் பல் ஆகியவற்றை அரைத்து, உளுந்து விழுதோடும் மாவோடும் உப்பிட்டுக் கலப்பர். கலந்தவுடன் வாழையிலை விரித்த தட்டில் ஊற்றி, குருத்தோலை ஞாயிறன்று கோவிலில் பெற்ற ஓலையைச் சிலுவையாக மடித்து நடுவில் வைத்து, ஆவியில் வேகவிடுவர். காத்திருத்தல் கூடாது. மா பொங்க இடம் கொடுத்தலும் கூடாது.

உளுந்தும் அரிசியும் சேர்ந்த மா எப்படிப்பட்டது என்பதை இட்டிலி ஆக்கும் எந்தத் தாயும் அறிவாள். நம் தட்பவெப்பத்தில் அதனை மூடி வைத்தால் போதும். யாரும் ஒன்றும் இடாமலே ஓர் இரவில் பொங்கி வழியும். உலகில் தானே புளிக்க விரையும் மாக்களுள் இது முன்வரிசையில் நிற்பது. அந்த மாவையே எடுத்து, புளிக்க விடாமல் தடுத்து வேகவைப்பதில்தான் பெசஹா அப்பத்தின் நுட்பம் அடங்கியிருக்கிறது. யூத விதிப்படி அரிசி அந்த ஐந்து தானியங்களுள் ஒன்றன்று. தல்மூது காலத்து அறிஞர் சிலர் விழா இரவிலேயே அரிசி உண்டனர். எனவே இது எபிரேய விதியை எழுத்துப்படி நகலெடுத்ததன்று. கோதுமை நாட்டில் பிறந்த விதியின் உட்பொருளை நெல் நாட்டுப் பெண்கள் தங்கள் மாவில் மறுபடியும் கண்டெடுத்தார்கள். எந்த மா புளிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அதையே புளிக்காமல் ஆக்கினார்கள். நூல் படித்து இதைச் செய்திருக்க முடியாது என்பதே நம் துணிபு. மலையாளத்தில் நற்செய்தி நூல்கள் முதன்முதலாக அச்சேறியது 1811-இல். அதுவரை அவர்களுடைய மறைநூல் குருமார் மட்டுமே அறிந்த சிரியாக்கில் இருந்தது.

அப்பத்தோடு 'பால்' வைப்பர். பெயர் பால் எனினும் அது தேங்காய்ப்பால். கருப்பட்டியையோ வெல்லத்தையோ கரைத்து வடிகட்டிப் பாகாக்கி, இரண்டாம் பாலும் சிறிது அரிசி மாவும் சேர்த்துத் துழாவிக் கெட்டிப்படுத்தி, சுக்கும் ஏலமும் சீரகமும் பொடித்துத் தூவி, இறக்கும் தருணத்தில் முதற்பாலைச் சேர்த்துக் கொதிவரும் முன் அடுப்பணைப்பர். அப்பத்தில் இனிப்பில்லை, பாலில் இனிப்புண்டு. வெங்காயமும் பூண்டும் மணக்கும் அப்பத்தை வெல்லப்பாலில் தோய்த்துண்பது முதன்முறை உண்போர்க்கு வியப்பளிக்கும். இரண்டாம் வாயில் பழகிவிடும்.

இரவு உணவுக்குப் பின் வீட்டார் எல்லாரும் கூடுவர். விடுதலைப் பயண நூலின் பகுதி வாசிக்கப்படும். குடும்பத் தலைவர் ஓலைச் சிலுவையை எடுத்துவிட்டு அப்பத்தை வெட்டி, பாலில் தோய்த்து, மூத்தவர் முதல் இளையவர் வரை வரிசையாகக் கொடுப்பார். இரு கைகளாலும் ஏந்திப் பெறுவது வழக்கம். அவ்வாண்டில் சாவு நேர்ந்த வீட்டில் அப்பம் ஆக்குவதில்லை. அவர்களுக்கு உறவினரோ அண்டை வீட்டாரோ தங்கள் அப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பர். துயர வீட்டை ஒதுக்காமல், அதற்கு உழைப்பை மட்டும் விலக்கிய இவ்வழக்கத்தின் நாகரிகம் எண்ணத்தக்கது.

இவ்வப்பம் யூதரிடமிருந்து நேரே வந்ததா, கிறித்தவர் மறைநூல் நினைவிலிருந்து உருவானதா என்று அறிஞர் வழக்காடுவர். இரு சமூகமும் ஒரே துறைமுகங்களில் வாழ்ந்து ஒரே செப்பேட்டில் பெயர் பதித்தவை ஆதலின், ஒன்றன் விழா மற்றொன்றுக்குத் தெரியாதிருந்தது என்று கொள்வது அரிது என்ற அளவில் நாம் நிற்கிறோம். வேறொன்று இதனினும் முதன்மையானது. 1599-இல் உதயம்பேரூரில் கூடிய மாமன்றம் இக்கிறித்தவர்களின் சிரியாக்கு நூல்கள் பலவற்றைத் தீயிலிட ஆணையிட்டது. வழிபாட்டை இலத்தீன் முறைக்குத் திருப்பியது. பின்னர் அச்சமூகம் பல சபைகளாகப் பிரிந்தது. கோவிலப்பத்திலேயே அவை வேறுபட்டன. இலத்தீன் மரபு புளியாத அப்பத்தையும் கீழைச் சிரியமல்லாத மேலைச் சிரிய மரபு புளித்த அப்பத்தையும் பலிபீடத்தில் வைத்தன. உரோமையும் கான்ஸ்டான்டினோபிளும் 1054-இல் பிரிந்தபோது எழுந்த பூசல்களுள் இப்புளிப்பும் ஒன்று. ஆனால் பெரிய வியாழன் இரவு, கோவிலில் புளித்த அப்பம் பெறுவோரும் வீட்டில் புளியாத அப்பமே ஆக்குகின்றனர். பீடத்தை எட்டிய ஆணைகள் அடுக்களை வாசலில் நின்றுவிட்டன.

கொச்சி யூதர் வீடுகளிலும் அடுக்களையே அரணாக இருந்தது. பாஸ்காவுக்குப் பல வாரம் முன்பே வீட்டுக்கு வெள்ளையடிப்பர். கிணற்றை இறைத்துத் தூய்மை செய்வர். விழாவுக்கென எடுத்துவைத்த பாத்திரங்களை மட்டும் புழங்குவர். அரிசியை மணிமணியாகப் பொறுக்கி, உடைந்ததும் வேற்றுத் தானியமும் நீக்குவர். மடி ஆசாரம் காத்த அண்டை வீட்டுப் பாட்டிமார்க்கு இவையெல்லாம் புதுமையாகத் தோன்றியிருக்கா. செங்கற்சேற்றை நினைவூட்டும் குழம்புக்கு ஐரோப்பிய யூதர் ஆப்பிளை நாடினர். கொச்சியில் பேரீச்சம்பழத்தை வேகவைத்துப் பிழிந்து தேன்போல் காய்ச்சிப் பருப்பு தூவினர். கொங்கணக் கடற்கரையின் பெனே இசுரேல் யூதரோ பல நூற்றாண்டு நூலறிவின்றி வாழ்ந்தவர்கள். அவர்கள் இத்திருநாளுக்கு வழங்கிய மராட்டிப் பெயரின் பொருள், 'காடிச் சாடியை மூடும் திருநாள்' என்பது. சமையலுக்குப் புளிப்பூட்டும் சாடி எப்போதும் அடுக்களையில் இருக்கும். அன்று அது மூடப்படும். விடுதலைக் கதை மங்கியிருக்கலாம். எபிரேய மொழி மறந்திருக்கலாம். புளிப்பை விலக்க வேண்டும் என்பதைச் சாடியின் மூடி நினைவு வைத்திருந்தது. 1948-ஐ ஒட்டி ஏறத்தாழ 2,500 பேராக இருந்த கொச்சி யூதருள் மிகப் பெரும்பாலோர் 1950-களில் இசுரேலுக்குக் குடிபெயர்ந்தனர். நம் நாட்டுப் பினாங்கிலும் பாக்தாத்து வழிவந்த சிறு யூதச் சமூகம் இருந்தது. 1929 முதல் 1976 வரை அவர்களின் வழிபாட்டுக்கூடம் இருந்த தெருவின் பெயர் நாகூர் சாலை.

பாஸ்கா இனிப்புகளைப் பற்றியும் ஒரு சொல். மாவும் நொதியும் விலக்கப்பட்ட விழாவில் பணியாரம் செய்வது எப்படி? இத்தாலிய யூதர் அதற்கு விடை கண்டனர். வாதுமைப் பொடியும் சர்க்கரையும் முட்டை வெண்கருவும் சேர்ந்த மக்ரூனில் தானிய மாவு இல்லை. காற்றடித்த வெண்கருவே அதனை எழச்செய்கிறது. அது ஐரோப்பா எங்கும் பாஸ்கா இனிப்பாகப் பரவியது, தேங்காயிலும் செய்யப்பட்டது. அதே பண்டம் வேறு வழியாகத் தூத்துக்குடியை அடைந்தது. வாதுமைக்கு மாற்றாக முந்திரி, அதுவும் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொணர்ந்த முந்திரி. கூம்பு வடிவில் வாயிலிட்டதும் கரையும் தூத்துக்குடி மக்ரூனை ஊரிலிருந்து வருவோர் தகரப்பெட்டியில் கொணர நாம் விரும்பி உண்கிறோம். அதன் சேர்மானம் பாஸ்கா விதிக்கு முற்றும் ஒத்தது என்பதை அதனைச் சுடுவோரும் எண்ணியிருக்கமாட்டார்கள். விதியைப் பேணும் மக்களின்றி விதிக்கேற்ற பண்டம் மட்டும் வந்து சேர்ந்ததற்கு இது நல்ல சான்று.

இப்போது பிரிக்பீல்ட்ஸுக்கு வருவோம். செராஸிலிருந்து விரைவு ரயிலேறி மூசியம் நெகாராவில் இறங்கி நடந்தால் எட்டிவிடும் இடம். செங்கற்சூளைகளால் பெயர்பெற்ற ஊர் என்பது இன்றைய பொருளோடு தற்செயலாகப் பொருந்துகிறது. இங்கு 1924-இல் எழுந்த சீயோன் லுத்தரன் ஆலயம் தமிழ் லுத்தரன் மக்களுடையது. தரங்கம்பாடியில் 1701 முதல் சீயோன் என்னும் ஆலயம் உண்டு. பெயரே வழியைச் சொல்கிறது. சீகன்பால்கு தொடங்கிய நூல்மரபும் 'புளிப்பில்லாத அப்பம்' என்னும் தொடரும் இவ்வழியாக மலாயாவுக்கு வந்தன. அதே பிரிக்பீல்ட்ஸில் மரபுவழிச் சிரியன் சபையின் புனித மரியாள் பேராலயமும் இருக்கிறது. தோட்டத்துக் கிராணிமாராகவும், மருத்துவ உதவியாளராகவும், ஆசிரியராகவும் மலாயாவுக்கு வந்த மலையாளிகளின் கோவில் அது. அவர்களுடைய பெண்கள் வழியாகப் பெசஹா அப்பம் வந்தது. சொல்லை உடையோர் ஓர் ஆலயத்தில். அடுப்பை உடையோர் நடைதொலைவில் மற்றோர் ஆலயத்தில். தமிழ்ப் பள்ளிகளிலும் தோட்டங்களிலும் இரு சமூகமும் கலந்தே வாழ்ந்தன. தமிழரை மணந்த மலையாளிக் குடும்பங்களும் குறைவல்ல. ஆயினும் இவ்விரண்டும் ஒன்றன் மற்றொன்று என்று எடுத்துச்சொல்வார் அரிதாகவே இருந்தனர்.

இடர் இங்கேதான் தொடங்குகிறது. நூலில் உள்ள சொல் அழியாது, நூலகத்தில் இருக்கும். அடுப்பில் உள்ளதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அடுக்குமாடி வீடுகளில் இன்று உளுந்தரைப்போர் குறைவு. கடையில் பொட்டலமாகக் கிடைக்கும் மாவு முன்பே புளித்தது. எல்லாப் பலகாரத்துக்கும் உதவும் அது இந்த ஒன்றுக்கு உதவாது. தேங்காய்ப்பால் பெட்டியில் கிடைக்கிறது. வெல்லத்துக்குக் கூலா மெலாக்கா கிடைக்கிறது. அவற்றால் குறையில்லை, சுவை கூடவும் கூடும். ஆனால் எவ்வளவு நேரம் ஊறவைப்பது, எந்தப் பதத்தில் மா பொங்கத் தொடங்கும், எப்போது அடுப்பேற்ற வேண்டும் என்னும் அறிவு கைவழி வந்தது. அளவுக்குறிப்பில் அது அடங்குவதில்லை. பாட்டி இருக்கும்வரை இருக்கும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மாணவரைக்கொண்டு பழமொழியும் விடுகதையும் தொகுப்பிப்பது உண்டு. அடுக்களைச் சொற்களும் அவ்வாறு தொகுக்கத்தக்கன என்பது நம் வேண்டுகோள். உறை, காடி, பதம், இளவறுப்பு, முதற்பால், இரண்டாம்பால் என ஒவ்வொன்றையும் சமைக்கும் வேளையில், சமைப்பவர் வாயிலிருந்து, கையசைவோடு சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். தமிழ் வீடு, மலையாளி வீடு என்ற பிரிவு இதில் தேவையில்லை. 'புளிப்பில்லாத' என்னும் சொல்லைத் தமிழ் வகுப்பில் விளக்கும் ஆசிரியர், அதன் உண்மைப் பொருளைச் செய்துகாட்டக்கூடிய ஒருவர் அதே வகுப்பில் படிக்கும் பிள்ளையின் வீட்டில் இருக்கலாம் என்பதை எண்ணிப்பார்க்கலாம்.

பெசஹா இரவின் இறுதிச் செயல் ஒன்று சொல்லாமல் விட்டோம். அப்பத்தின் ஒரு துகளும் தரையில் விழக்கூடாது என்பதால் விரித்த துணியை ஒருவர் கவனமாகச் சுருட்டி எடுப்பார். மிகுந்ததை அவ்விரவிலோ மறுநாள் வெள்ளியன்றோ வீட்டாரே உண்டு தீர்ப்பர், வெளியே எறிவதில்லை. அப்பத்தின் மேலிருந்த குருத்தோலைச் சிலுவையை வீட்டில் எடுத்துவைப்பர். காய்ந்து பழுத்த ஓலைகள் அடுத்த தவக்காலத்துக்கு முன் கோவிலுக்குத் திரும்பும். அங்கே அவற்றைச் சுட்ட சாம்பலே நெற்றியில் இடப்படும்.